இரும்பு இறங்கும் நேரம்

கடுங்காப்பியைப் பாட்டிலில் ஊற்றித் தலைகீழாகத் தொங்கவிட்டிருக்கிறார்கள் என்றுதான் விண்ணரசிக்கு முதலில் பட்டது. ரத்தம் என்றால் சிவப்பாக இருக்கும், குளுக்கோஸ் என்றால் தண்ணீர் மாதிரி இருக்கும், இது என்ன நிறம், துருப்பிடித்த வாளியில் கிடந்த மழைத்தண்ணி நிறம், இதைப் போய் மனுசி உடம்புக்குள் விடுவார்களா, விட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள், புறங்கையில் ஊசி குத்திய இடத்திலிருந்து முழங்கை வரைக்கும் ஒரு குளிர்ச்சி ஊர்ந்து ஏறுவது தெரிந்தது. இரும்புச்சத்துதான், பயப்படாதே என்று நர்ஸ் முத்துப்பேச்சி சொல்லிவிட்டுப் போயிருந்தாள். பயம் இந்தப் பாட்டிலைக் கண்டு இல்லை. இது தீர்வதற்குள் இந்த வாசலில் வந்து நிற்கப்போகிற மைனியைக் கண்டுதான். மைனி என்றால் புருசனின் அக்கா பிரகாசி. அவள்தான் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எல்லாம் பேசி முடித்திருக்கிறாள், வருகிற திங்கட்கிழமை ஆபரேஷன், விண்ணரசியின் கர்ப்பப்பையை எடுத்துவிடுவது. எடுத்துருவோம் விண்ணு, எடுத்துட்டா ஒரு தொல்லையுமில்ல என்று அவள் சொன்ன விதம், என்னமோ ஆடுகிற கடைவாய்ப் பல்லைச் சொல்வது போல இருந்தது. விண்ணரசி யாரிடமும் சொல்லாமல் இறால் கம்பெனி வேலை முடிந்த கையோடு பெரியாஸ்பத்திரிக்கு வந்து படுத்துவிட்டாள். ஊசி ஏறின பிறகுதான் புருசனுக்குப் போன் போட்டாள். ஊசி ஏறுவதற்கு முன்னால் சொன்னால் ஊசி ஏறாது என்று அவளுக்குத் தெரியும். இரும்பு ஏற்றுவது கர்ப்பிணிகளுக்கான அறையில்தான், மற்ற கட்டிலிலெல்லாம் வயிறு தள்ளிய பெண்கள், கூட்டிப் பெருக்க வந்த ஆயா விளக்குமாற்றை நிறுத்தி, எத்தனாவது மாசம்மா என்று கேட்டாள். நாப்பத்தி மூணு வருசம் என்றாள் விண்ணரசி. ஆயா அவள் வயிற்றைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், ஒன்றும் பிடிபடாமல் குப்பையைத் தள்ளிக்கொண்டு போனாள். பக்கத்துக் கட்டில் பிள்ளை ஜன்னத், தலைச்சன் சூல், துப்பட்டாவை வாயில் பொத்திக்கொண்டு சிரித்தது. சிரி பிள்ளே, சிரி, உனக்கு ரத்தம் குறைஞ்சா கவர்மென்டே வந்து கதவைத் தட்டும், எனக்கு யார் தட்டுவா.

தட்டினார்கள், ஒரு காலத்தில் தட்டினார்கள். மகள் வயிற்றில் இருந்தபோது வாரம் தவறாமல் நர்ஸ் வீட்டு வாசலுக்கே வந்து கண்ணை இழுத்துப் பார்த்தாள், நகத்தைப் பார்த்தாள், சிவப்பு மாத்திரை தந்து விழுங்குகிற வரைக்கும் நின்றாள், பிள்ளை பிறந்ததோடு சரி, வந்த கால்கள் நின்றுபோயின. உள்ளே ஒரு பிள்ளை இருந்தால்தான் இந்த உடம்பில் ரத்தம் ஓடுவது மற்றவர்களுக்குக் கவலை, பிள்ளை வெளியே வந்துவிட்டால் இது காலி டப்பா, டப்பா ஒழுகினால் தூக்கிப் போட்டுவிடலாம். ரத்தம் ஏழு பாயிண்ட். பன்னிரண்டு இருக்கணும்மா, உங்களுக்கு ஏழு இருக்கு, நீங்க எப்படி நடந்து வந்தீங்க என்று இங்கே உள்ள டாக்டரம்மா கேட்டாள். எப்படி நடந்து வந்தேன், காலை எடுத்து வைத்துத்தான் நடந்து வந்தேன், மாடிப்படியில் பாதியில் நின்று செருப்பு வாரைச் சரிசெய்கிற மாதிரி குனிந்து மூச்சு வாங்கிக்கொண்டு வந்தேன், அந்தச் செருப்புக்கு வாரே கிடையாது டாக்டர். இதைச் சொல்லவில்லை. சொல்லாதது எத்தனை. நெஞ்சு காதுக்குள் வந்து அடிக்கும், தலையணையில் காதை வைத்தால் யாரோ அம்மி கொத்துகிற மாதிரி, ராத்திரி வேலை இல்லாத நாளில் கால் ரெண்டும் தூங்க விடாது, உள்ளே எறும்பு ஊர்கிறது, எழுந்து நடந்தால் நிற்கும், படுத்தால் ஊரும், பேய் பிடிச்ச மாதிரி நடக்காத, படு என்பான் புருசன் தொபியாஸ், அவனுக்குத் தலை சாய்ந்தால் தூக்கம், அவன் ரத்தம் அவனுக்குள்ளேயே இருக்கிறது, மாசா மாசம் எங்கேயும் போவதில்லை.

இப்போது நாக்கில் ஒரு ருசி வந்தது. சாவிக்கொத்தை வாயில் போட்டுச் சப்பினால் வருமே, அது. கையில் ஏறுவது நாக்குக்கு எப்படி வந்தது, வழி ஒன்றுதானோ, இந்த ருசி நல்லதா கெட்டதா, கூப்பிட்டுச் சொல்லலாமா, சிலருக்கு உடம்பு நடுங்கும், அரிக்கும், மூச்சு முட்டும், அப்படி ஏதாவது தெரிந்தால் உடனே கூப்பிடு என்று சொல்லியிருக்கிறார்கள், இப்போது முட்டுகிற மூச்சு புதுசா பழசா, அவளுக்கு எப்போதுமே முட்டத்தானே செய்கிறது. சிஸ்டர், வாய்க்குள்ள துருவாட்டம் இருக்கு என்று கூப்பிட்டாள். அப்படித்தான் இருக்கும், இரும்புதானே போகுது, வேற என்ன பாயசமா போகுது என்று முத்துப்பேச்சி அந்தப் பக்கமிருந்தே சொன்னாள். சரி, துரு. வா. இந்த வாய் எதைத்தான் பார்க்கவில்லை, இந்த வாய்தானே எல்லாருக்கும் குற்றவாளி. ஐஸ். எந்த வருசம் ஆரம்பித்தது என்று அவளுக்கே தெரியாது. இறால் கம்பெனியில் மேஜை நிறைய நொறுக்கின ஐஸைக் கொட்டி அதன்மேல் இறாலைக் கொட்டுவார்கள், நின்றுகொண்டே தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்து, முதுகுக் குடலை இழுத்து எறிய வேண்டும், கையுறைக்குள் விரல் மரத்துப் போகும், மற்ற பெண்களெல்லாம் ஐஸைக் கண்டால் கெட்ட வார்த்தை பேசுவார்கள், அவளுக்கு மட்டும் வாய் ஊறும். புளி ஊறுகிற மாதிரி இல்லை, அதைவிட ஆழத்திலிருந்து, பல்லின் வேரிலிருந்து ஊறும். சுத்தமான ஐஸ் கொட்டுகிற தொட்டியிலிருந்து ஒரு துண்டு, மாஸ்க்குக்குக் கீழே விட்டுக் கடைவாயில் வைத்துக் கடித்தால் கறுக் என்று உடையும் அந்தச் சத்தம் மண்டைக்குள் ஒரு விளக்கைப் போடும், கொஞ்ச நேரம் தெளிவாக இருக்கும், கண் திறக்கும், அப்புறம் அணையும், அடுத்த துண்டு. கண்ட நேரம் கண்ட இடத்தில். வீட்டில் ப்ரிட்ஜின் மேல்தட்டில் ஒட்டியிருக்கிற பனியைக்கூடக் கரண்டியால் சுரண்டித் தின்றிருக்கிறாள், தொபியாஸ் பார்த்துவிட்டு, ஏட்டி பூனை மாதிரி என்ன சுரண்டுத என்றான்.

ஒருநாள் சூப்பர்வைசர் பால்துரை மேஜைக்கு எதிரே வந்து நின்றுகொண்டான். உன் மாஸ்க் ஆடுதே, என்ன மெல்லுத. ஒண்ணுமில்ல சார். இறாலத் திங்கியா. மேஜையில் எல்லாக் கையும் நின்றுவிட்டது. பச்சை இறாலை எவ தின்பா சார், நான் என்ன கொக்கா என்று கேட்டாள், ரெண்டு பேர் சிரித்தார்கள், அதில் அவனுக்குக் கோபம் வந்துவிட்டது, மாஸ்க்கை இறக்கு, வாயைத் தொற என்றான். அத்தனை பேருக்கு முன்னால். மாட்டைப் பல் பிடித்துப் பார்ப்பதுபோல. அவள் இறக்கினாள், திறந்தாள், நாக்கின் மேல் பாதி கரைந்த ஒரு ஐஸ் துண்டு உட்கார்ந்திருந்தது, அவன் எட்டிப் பார்த்தான், ஏமாந்துபோனான், ஏமாந்ததைக் காட்டிக்கொள்ளாமல், அதுவும் கம்பெனி ஐஸ்தான் என்றான். அப்போது அவள் வாயை மூடவில்லை. மூடியிருக்கலாம். பல்லைக் காட்டிக்கொண்டே, அவன் கண்ணைப் பார்த்துக்கொண்டே கறுக்கென்று கடித்தாள். மேஜை முழுக்கச் சிரித்த சிரிப்பில் இறால் ஓடெல்லாம் பறந்தது. அன்றைக்கு மானம் போனதா வந்ததா என்று இன்றைக்கு வரைக்கும் அவளால் கணக்குத் தீர்க்க முடியவில்லை, பாதி ராத்திரிகளில் அது போன மானமாகவும் மீதி ராத்திரிகளில் வந்த மானமாகவும் இருக்கிறது. ஆனால் அதற்குப் பிறகு எல்லாருக்கும் ஒரு காரணம் கிடைத்துவிட்டது. விண்ணு வெளுத்துப்போனது ஐஸ் தின்றுதான். ஐஸ் ரத்தத்தைத் தண்ணியாக்கிரும், ஐஸ் கர்ப்பப்பையைக் குளிரப்பண்ணிரும், அதனாலதான் மாசா மாசம் இந்த ரத்தப்போக்கு, வாயைக் கட்டத் தெரியாதவளுக்கு இதெல்லாம் வேணும். அவளும் அதைத்தான் நம்பினாள். ஒவ்வொரு துண்டையும் குற்றத்தோடுதான் கடித்தாள், தன் ரத்தத்தைத் தானே கரைத்துக் குடிக்கிறவள் மாதிரி. மாதாவுக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்திவைத்து இனிமேல் தொடமாட்டேன் என்று நேர்ந்துகொண்டாள், வேலைக்குப் போய்த் தொட்டாள்.

அப்புறம் இந்த டாக்டரம்மா, வயசு குறைந்த பிள்ளை, மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, கேட்கக் கூச்சப்படுகிற மாதிரி கேட்டது, ஐஸ், பச்சரிசி, சாக்பீஸ், மண்ணு, இப்படி ஏதாவது திங்கத் தோணுதாம்மா என்று. விண்ணரசிக்குத் தூக்கிவாரிப் போட்டது. முகத்தில் எழுதி ஒட்டியிருக்கிறதா. ஐஸ் என்றாள், எச்சில் விழுங்கிக்கொண்டு, இனிமே திங்கமாட்டேன் டாக்டர். அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை. நீங்க ஐஸ் தின்னதால ரத்தம் குறையலம்மா, ரத்தத்துல இரும்பு இல்லாததாலதான் ஐஸ் கேக்குது, இரும்பு ஏறிட்டா அதுவே போயிரும் என்றது. அவ்வளவுதான் சொன்னது, அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டது. வெளியே வந்து குடிதண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் விண்ணரசி நின்றாள், வெகுநேரம் நின்றாள். தலைகீழ். இத்தனை வருசமும் வண்டியை மாட்டுக்கு முன்னால் கட்டிவிட்டு மாட்டை அடித்திருக்கிறார்கள், மாடும் தன் தப்பு என்று நினைத்து அடி வாங்கியிருக்கிறது. அப்படியானால் மற்றது? அம்மா சொன்ன தூங்குமூஞ்சி? துவைத்த துணியைக் காயப்போடாமல் வாளியோடு வைத்துவிட்டு வாசலில் உட்கார்ந்ததற்கு மைனி சொன்ன சோம்பேறி? மகள் பள்ளிக்கூடத்தில் மேடையேறின அன்றைக்கு மாடிக்கு ஏற முடியாமல் கீழேயே நின்றது, ஏன்மா வரல என்று அவள் கேட்டதற்கு வேலை என்று பொய் சொன்னது? அதெல்லாம் யார்? விண்ணரசியா, இரும்பு இல்லாததா? கோபம் வந்தது, கோபத்துக்குப் போய்ச் சேர ஒரு முகம் கிடைக்கவில்லை, அந்த வருசங்களை யார் திருப்பித் தருவார்கள், எந்த ஜன்னலில் போய்க் கேட்பது. கோபத்துக்கு அடியில் அதைவிட மோசமான ஒன்று கிடந்தது, இப்போதும் பாட்டில் சொட்டச் சொட்ட அதுதான் வந்து காலைச் சுற்றுகிறது. ரத்தமெல்லாம் ஏறி, பன்னிரண்டு ஆகி, கன்னம் சிவந்து, அதற்கப்புறமும் நான் வாளியை வைத்துவிட்டு வாசலில் உட்கார்ந்தால்? அப்போது சொல்ல என்ன இருக்கும். இருக்கட்டும். உட்கார்ந்தால் உட்காருவேன். ரத்தத்தோடு உட்காருவேன். சோம்பேறி என்றால் நல்ல சிவந்த சோம்பேறியாக இருந்துவிட்டுப் போகிறேன், அதை அப்போது பார்ப்போம், அதைத் தெரிந்துகொள்ள எனக்குப் பாத்தியதை உண்டு.

மைனி கெட்டவள் இல்லை, அதுதான் கஷ்டம். கெட்டவளாக இருந்தால் லேசு. கறிக்கடையில் சொல்லிவைத்து ஆட்டுச் சுவரொட்டி, அதுதான் மண்ணீரல், வாங்கிவந்து, ரத்தம் ஊறும், நீ மட்டும் தின்னு என்று கையில் தந்துவிட்டுப் போவாள். மிளகு போட்டு வதக்கினால் வீடெல்லாம் மணக்கும், மகன் தட்டோடு வந்து நிற்பான், தொபியாஸ் என்ன மணமா இருக்கு என்பான், அவள் ஆளுக்குக் கொஞ்சம் வைத்துவிட்டு சட்டியில் ஒட்டியதைச் சோற்றில் பிரட்டித் தின்பாள். யாரும் பிடுங்கவில்லை. அவள் கைதான் வைத்தது. இந்தக் கையை என்ன செய்ய. சிவப்பு மாத்திரையும் அப்படித்தான், கம்பெனியில் நடுவில் டீ வரும்போதுதான் ஞாபகம் வரும், மேஜையே சேர்ந்து மாத்திரையை வாயில் போட்டு சூடான டீயை ஊற்றி விழுங்கும், சியர்ஸ் என்று ஒருத்தி சொல்வாள், டீ இரும்பைச் சேரவிடாது, டீயோடு விழுங்கக் கூடாது என்று அந்தப் பிள்ளை டாக்டர் சொன்னபோது விண்ணரசிக்கு அழுவதா சிரிப்பதா தெரியவில்லை, ஒரு மேஜை முழுக்க எத்தனை நாளாக இரும்பைத் தின்று இரும்பைக் கழுவி ஊற்றியிருக்கிறோம். அந்த மேஜையில் பாதிப் பேர் எடுத்தவர்கள். எடுத்தாச்சா என்றுதான் கேட்பார்கள், எதை என்று கேட்க வேண்டியதில்லை. எடுத்தவர்களுக்கு லீவு தேவையில்லை, கக்கூசுக்கு அடிக்கடி போக வேண்டாம், வெள்ளைக் கோட்டில் கறை படாது, பால்துரைக்கு எடுத்தவர்களைப் பிடிக்கும். தனியார் ஆஸ்பத்திரி டாக்டர் ஸ்கேன் படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார், கட்டி இருக்கு, ரெண்டு பிள்ளை பெத்தாச்சுல்லா, இனி அது எதுக்கு என்றார். அவளிடம் இல்லை, தொபியாஸைப் பார்த்து. தொபியாஸ் மைனியைப் பார்த்தான். மைனி தலையாட்டினாள். விண்ணரசி ஸ்கேன் படத்தைப் பார்த்தாள், சாம்பல் நிறத்தில் கடலில் மேகம் இறங்கின மாதிரி, அதுதான் நான், என்னைத்தான் மூணு பேர் பார்க்கிறார்கள், நான் மட்டும் அங்கே இல்லை. அதே படத்தை இந்தப் பிள்ளை டாக்டரும் பார்த்தது, கட்டி சின்னதும்மா, அது பாட்டுக்கு இருக்கட்டும், போக்கை மாத்திரையால குறைச்சுப் பாக்கலாம், முதல்ல இரும்பு ஏறட்டும், அதுக்கப்புறமும் அடங்கலைன்னா அப்ப பேசலாம் என்றது. அப்ப பேசலாம். யாரும் இதுவரை அவளிடம் அப்ப பேசலாம் என்று சொன்னதில்லை. எடுக்கவே மாட்டேன் என்று அவளுக்கு வீம்பில்லை. எடுக்க வேண்டி வந்தால் எடுக்கட்டும், ரத்தத்தோடு நிமிர்ந்து உட்கார்ந்து, நானே தலையாட்டி.

அக்கா தூங்கிட்டீங்களா என்றது ஜன்னத். இல்லம்மா. உங்களுக்கு பயமா இல்லையா? எதுக்கு? யாரும் கூட வரலையே. கூட வந்தா வேற பயம் வந்திருக்கும் என்றாள் விண்ணரசி. அந்தப் பிள்ளைக்குப் புரியவில்லை, ஆனாலும் புரிந்த மாதிரி தலையாட்டி, எங்க மாமியா என்னைய மாடிப்படில நிறுத்தி நிறுத்தி ஏத்துது, உள்ள இருக்கவன் குலுங்கிருவானாம் என்று சொல்லிச் சிரித்தது. நீயும் குலுங்காம ஏறு என்றாள் விண்ணரசி, உன் பிள்ளைக்காக இல்ல, உனக்காக, பிள்ளை பெத்த பிறகும் அந்த மாத்திரையை நிறுத்தாத, டீ குடிச்சுட்டுப் போடாத, யார் கேட்டாலும் சுவரொட்டியைப் பங்கு வைக்காத. சொல்லி முடிக்கையில் மூச்சு வாங்கியது. பாட்டிலில் கழுத்துக்குக் கீழே கொஞ்சம்தான் கிடந்தது. இவ்வளவுதானா, இதற்குள் தீர்ந்துவிட்டதா, இன்னும் மெதுவாக விடச் சொல்லலாமா. வாசலில் அந்தச் செருப்புச் சத்தம், வலது காலைக் கொஞ்சம் இழுத்து வைக்கிற சத்தம், வந்துவிட்டாள். நெஞ்சு காதுக்குள் ஏறி அடித்தது. அடி. அடிக்க இன்னும் ரத்தம் இருக்கிறது என்றுதானே அர்த்தம்.

பிரகாசி மைனி வேர்த்து வடிந்துகொண்டு வந்து நின்றாள், பின்னால் தொபியாஸ், ஹெல்மெட்டைக் கழற்றி என்ன செய்வதென்று தெரியாமல் வயிற்றோடு அணைத்துக்கொண்டு. ஏளா, ஒரு வார்த்தை சொல்லிட்டு வரக்கூடாதா, உன் போன் வாரதுக்குள்ள உன்னைய எங்கெல்லாம் தேட என்றாள் மைனி. சொன்னா விட்டிருப்பியளா மைனி? விடாம என்ன, கட்டியா போடுவோம், சரி, ஏத்துனது ஏத்தியாச்சு, எந்திரி, அங்க டாக்டர் நமக்காக உக்காந்திருக்காரு, இன்னைக்கே ரத்தமெல்லாம் டெஸ்ட் எடுத்துட்டா திங்கக்கிழமை காலைல நேரா உள்ள கொண்டுபோயிருவாக. நான் வரல மைனி. என்னது? நான் வரல. தொபியாஸ் ஒரு எட்டு முன்னால் வந்தான், அக்கா எல்லாம் பேசி வச்சிருக்காட்டி என்றான். பேசுனவுக போய்ப் படுத்துக்கிடட்டும் என்றாள் விண்ணரசி, சத்தம் அவள் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது, கட்டிலெல்லாம் திரும்பிப் பார்த்தன. மைனியின் முகம் சிவந்தது. நான் எடுக்கலையா? நான் என்ன செத்தா போயிட்டேன்? நல்லதுக்குச் சொன்னா இப்படித்தான். நீங்க சாகல மைனி, என்றாள் விண்ணரசி. இப்போது குரல் தணிந்திருந்தது. முப்பத்தஞ்சு வயசுல எடுத்திய. அன்னைலருந்து மார்கழி மாசம்கூட உடம்பு எரியுதுன்னு விசிறியும் கையுமா எந்திரிச்சு உக்காந்திருக்கியளே, இடுப்பு இடுப்புங்கியளே, எடுக்கத்தான் வேணுமா, வேற வழி உண்டான்னு அன்னைக்கு யாராச்சும் உங்ககிட்ட கேட்டாகளா? மைனி சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்தாள். யார் கேட்பா என்றாள், யாரிடமோ சொல்கிற மாதிரி. அதான் மைனி. என்கிட்டயும் யாரும் கேக்கல. இந்த டாக்டரம்மாதான் கேட்டுச்சு. தொபியாஸ் ஹெல்மெட்டைத் திருப்பிப் பிடித்தான், வேலை போயிருமே விண்ணு, நீ மாசா மாசம் லீவு போட்டா அந்தாளு வச்சிருப்பானா என்றான். திட்டுகிற குரல் இல்லை அது, பயந்த குரல். போனா போகட்டும்னு சொல்ல எனக்கும் ஆசைதான், போகாது, ரத்தம் ஏறட்டும், நான் நிக்கிறதைப் பாத்துட்டு அவன் பேசட்டும் என்றாள். சொல்லும்போதே அது நடக்குமா என்று உள்ளே ஒரு குரல் கேட்டது, நடக்காவிட்டால் என்று இன்னொரு குரல், அவள் ரெண்டையும் பேசவிட்டாள், பேசிக்கொண்டு கிடக்கட்டும்.

முத்துப்பேச்சி வந்து பாட்டிலைப் பார்த்தாள், குழாயை மூடி, பிளாஸ்திரியை ஒரே இழுப்பில் உரித்து ஊசியை எடுத்து, பஞ்சை வைத்து அமுக்கினாள். பஞ்சின் நடுவில் ஒரு சிவப்புப் பொட்டு விழுந்து விரியப் பார்த்தது. விண்ணரசி பெருவிரலை அதன்மேல் வைத்து அழுத்தினாள், நர்ஸ் அமுக்கினதைவிடப் பலமாக, நகம் வெளுக்க. அடுத்த பாட்டில் திங்கக்கிழமை, வந்துருவல்லா என்றாள் முத்துப்பேச்சி. திங்கக்கிழமை முடியாது சிஸ்டர் என்றாள் மைனி, முன்னைப் போல் இல்லை, பாதிச் சத்தத்தில், அன்னைக்கு அவ வெறும் வயித்தோட வேற எடத்துக்கு… மைனி தொபியாஸைப் பார்த்தாள். தொபியாஸ் விண்ணரசியைப் பார்த்தான். விண்ணரசி காலைத் தரையில் வைத்து, கட்டில் கம்பியைப் பிடிக்காமல் எழுந்து நின்றாள், கண்ணுக்கு முன்னால் பூச்சி பறந்தது, பறந்து முடிகிற வரைக்கும் நின்றாள்.

"வாறேன் சிஸ்டர். வயிறு நிறையச் சாப்பிட்டுட்டு வாறேன்."